அசலும் நகலும்: சிதைந்த போர்வண்டியின் சிற்றுரு

ஆண்டுதோறும் சனவரித் திங்கள் 26ஆம் நாள் தில்லி மாநகரில் கவச வண்டிகள் அணிவகுத்துச் செல்கின்றன. இராஜபாதை என நெடுங்காலம் வழங்கி, 2022 முதல் கர்த்தவ்ய பாதை எனப் பெயர் பெற்ற அப்பெருவீதியில், புதிதாய்ப் பூசிய வண்ணத்தோடும் துடைத்து விளக்கிய சக்கரங்களோடும் டாங்கிகள் உருண்டு வருகின்றன, சிறுவர் கைகொட்டுகின்றனர், பெரியோர் பெருமிதம் கொள்கின்றனர். அது தகும். ஆயினும் போர்வண்டி அணிவகுப்புக்காகச் செய்யப்பட்டதன்று. போர்க்களம் புகுவதற்காகச் செய்யப்பட்டது. களம் புகுந்தவற்றுள் பல மீளாதவை. மீளாத வண்டி எந்நிலையில் கிடந்தது, அதனை அந்நிலைக்கு ஆளாக்கியது யாது, அதனுள் இருந்தோர் யாவர் என்னும் வினாக்களுக்கு அணிவகுப்பு விடை கூறாது. அவ்விடையைத் தேடும் சிறு கலை ஒன்று உலகில் வளர்ந்திருக்கிறது. சிதைந்த போர்வண்டிகளைச் சிற்றளவில், உள்ளது உள்ளவாறே செய்து, அவை கிடந்த நிலத்தோடு சேர்த்துக் காட்டுவதே அக்கலை. விளையாட்டுப் போலத் தோன்றும் இது வரலாற்றுக்கு எவ்வாறு துணை நிற்கிறது என்பதை ஈண்டு நோக்குவோம்.

சிற்றுருக் காட்சி என்பது நமக்குப் புதிதன்று. கரோல்பாகிலும் மாதுங்காவிலும், தமிழர் குடியேறிய பிற நகரங்களிலும், நவராத்திரி வந்தால் நம் இல்லங்களில் படி கட்டிக் கொலு வைக்கிறோம். படிகளில் தெய்வங்கள் வீற்றிருக்க, கீழே தரையில் மணல் பரப்பி, கண்ணாடித் துண்டால் குளம் அமைத்து, முளைப்பயிரால் வயல் அமைத்து, செட்டியாரையும் அவர் கடையையும், திருமண ஊர்வலத்தையும் நாம் காட்டுகிறோம். ஓர் இடத்தையும் ஒரு கணத்தையும் கைக்குள் அடங்கும் உருவில் நிறுத்திக் காட்டுவதே அதன் நோக்கம். எனினும் கொலுவிற்கு ஒரு வழக்கம் உண்டு: மூக்கோ கையோ உடைந்த பொம்மையைப் படியில் வைப்பதில்லை. மங்கலத்திற்கு அவ்வழக்கம் பொருந்தும். வரலாற்றுக்கு அது பொருந்துமா என்பதே நம் கட்டுரையின் வினா.

இவ்வினாவிற்கு நம் பழம் புலவர்கள் தயங்காது விடை கூறியிருக்கிறார்கள். கலிங்கத்துப்பரணி பாடிய சயங்கொண்டார், கருணாகரத் தொண்டைமானின் படை புறப்பட்டதையும் பொருததையும் கூறியதோடு நில்லாமல், போர் முடிந்த களம் எவ்வாறு இருந்தது என்பதற்கென்றே தனிப் பகுதி ஒன்று வகுத்தார். வெற்றியைப் பாடும் நூலிலும் வீழ்ந்தவற்றிற்கு இடம் உண்டு என்பது அவர்தம் துணிபு.

மேலை நாட்டில் போரைச் சிற்றுருவில் அமைக்கும் வழக்கம் அரசியல் தேவையால் பிறந்தது. பிரான்சு நாட்டில் பதினான்காம் லூயி மன்னர் காலத்தில், 1668 முதற்கொண்டு, எல்லைக் கோட்டைகளின் உருவங்கள் மரத்தாலும் தாளாலும் செய்து சேர்க்கப்பட்டன. முற்றுகையைத் திட்டமிடுவோர்க்கு அவை கண்ணாக உதவின. 1822ஆம் ஆண்டில் தாகேர் என்பார் பாரிசு நகரில், ஒளியை மாற்றி மாற்றிப் பெருந்திரையில் காட்சிகளை உயிர்ப்பித்து, அதற்கு 'டயோரமா' என்று பெயரிட்டார். புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவராகப் பின்னர்ப் புகழ்பெற்றவரும் அவரே. அப்பெயர் நாளடைவில் திரையை விட்டு நீங்கி, மண்ணும் மரமும் உருவங்களும் கொண்டு அமைக்கும் காட்சிக்கு உரியதாயிற்று.

உண்மையைத் தேடிச் சிற்றுரு சமைத்தோருள் முதலில் எண்ணத்தக்கவர் ஆங்கிலப் படை அலுவலர் வில்லியம் சைபோர்ன். 1815 சூன் 18ஆம் நாள் நிகழ்ந்த வாட்டர்லூப் போரை உருவில் அமைக்கும் பணி 1830இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் போர்க்களத்திலேயே பல திங்கள் தங்கி நிலத்தை அளந்தார். பின்னர், போரில் இருந்து உயிருடன் மீண்ட அலுவலர்களுக்குக் கடிதம் எழுதி, மாலை 7 மணி அளவில் நீவிர் எங்கு நின்றீர், எதிரில் யார் நின்றார், காலடியில் எப்பயிர் விளைந்திருந்தது என்று வினவினார். 70,000க்கும் மேற்பட்ட சிறு உலோக உருவங்கள் கொண்ட அவ்வமைப்பு 1838இல் இலண்டனில் மக்கள் பார்வைக்கு வந்தது. ஆனால் வந்த விடைகள் அனைத்தும் ஒத்திருக்கவில்லை. புருசியப் படை அந்நேரத்தில் எங்கு நின்றது என்பது பற்றிப் பெரும் வாக்குவாதம் மூண்டது. வெலிங்டன் பிரபு அவ்வுருவை விரும்பவில்லை. அரசும் தொடர்ந்து பணம் தர மறுத்தது. சைபோர்ன் கடனில் அமிழ்ந்தார். விரல் நுனி அளவுள்ள பொம்மையை எங்கு நிறுத்துவது என்பது ஒரு நாட்டின் பெருமையைப் பற்றிய வழக்காக மாறிற்று. சிற்றுரு வெறும் பொம்மையன்று, அது வரலாற்றுக் கூற்று என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

நம் தில்லியிலும் இத்தகைய காட்சி உண்டு. செங்கோட்டையின் நௌபத்கானா மாடியில் அமைந்திருந்த போர் நினைவு அருங்காட்சியகத்தில், 1526 ஏப்பிரல் 21ஆம் நாள் நிகழ்ந்த முதற் பானிபட் போரைச் சிற்றுருவில் காட்டும் அமைப்பு இடம்பெற்றிருந்தது. அப்போரில் பாபர் 700 வண்டிகளைத் தோற்கயிற்றால் ஒன்றோடொன்று பிணைத்து அரணாக நிறுத்தி, அவற்றின் பின்னே துப்பாக்கி வீரரை வைத்ததாகத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். வண்டியைக் கவசமாக்கும் எண்ணம் தில்லிக்கு வடக்கே 90 கிலோமீட்டர் தொலைவிலேயே ஐந்நூறு ஆண்டுகட்கு முன் செயலுக்கு வந்தது என்க.

அவ்வெண்ணம் எஞ்சினோடு சேர்ந்து டாங்கியாக உருவெடுத்தது முதல் உலகப் போரில். 1916 செப்டம்பர் 15ஆம் நாள் பிரான்சின் சோம் ஆற்றுக் களத்தில் ஆங்கிலேயர் அதனை முதன்முதல் இறக்கினர். செய்தி கசியாதிருக்க, 'தண்ணீர்த் தொட்டி செய்கிறோம்' என்று கூறி மறைத்ததால் 'டாங்க்' என்ற பெயரே நிலைத்தது. நீர்த்தேக்கத்தைக் குறிக்கும் அச்சொல் இந்திய மொழி ஒன்றிலிருந்து ஆங்கிலம் புகுந்தது என்று கருதுவாரும் உளர். அங்ஙனமாயின், குளத்தைக் குறித்த சொல் கடல் கடந்து சென்று, நெருப்பைக் கக்கும் வண்டியாகத் திரும்பி வந்தது எனலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1960களின் தொடக்கத்தில், பிளாஸ்டிக் அச்சில் வார்த்த டாங்கி உறுப்புகளைப் பெட்டியில் அடைத்து விற்கும் தொழில் இங்கிலாந்திலும் சப்பானிலும் தலையெடுத்தது. சப்பானியக் கம்பெனியான தாமியா தன் முதல் டாங்கியை, உள்ளே மின்கலமும் சிறு மோட்டாரும் கொள்ளுமாறு அளந்து செய்தது. செய்து முடித்தபின் கணக்கிட்டால் அது அசலில் 35இல் ஒரு பங்காக இருந்தது. மின்கலத்தின் பருமன் தற்செயலாக வகுத்த அவ்வளவே இன்று உலகெங்கும் இக்கலைஞர் கைக்கொள்ளும் பொது அளவாயிற்று. 1970களில் அமெரிக்கரான ஷெப்பர்ட் பெய்ன், பெட்டியோடு இணைத்து வழங்கப்பட்ட சிறு வெளியீடுகளில், வண்டியைத் தனியே நிறுத்தாமல் நிலத்தோடும் மனிதரோடும் சேர்த்து ஒரு கதையாக அமைக்கும் முறையைக் கற்பித்தார். 1980இல் அவர் எழுதிய நூல் இத்துறையில் பாடநூலாயிற்று. பெட்டியிலிருந்து வருவது எப்போதும் புது வண்டியே. அதனைப் போர் கண்ட வண்டியாக்குவது கலைஞன் பொறுப்பு. அங்கேதான் வரலாறு நுழைகிறது.

இதற்கு நம் நாட்டிலேயே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. 1965ஆம் ஆண்டுப் போரில், பஞ்சாபின் கேம்கரண் பகுதியில், அசல் உத்தர் என்னும் சிற்றூரைச் சுற்றிச் செப்டம்பர் 8 முதல் 10 வரை நிகழ்ந்த டாங்கிப் போரே அது. பாகிஸ்தானின் முதற் கவசப் படைப்பிரிவு எல்லை கடந்து வந்தது. அமெரிக்க உதவியாகப் பெற்ற பேட்டன் டாங்கிகள் அதன் வலிமை. பேட்டனின் 48ஆம் எண் வகை ஏறத்தாழ 45 டன் எடையும், 90 மில்லிமீட்டர் வாயகன்ற பீரங்கியும் கொண்டது. நம் தரப்பில், மேஜர் ஜெனரல் குர்பக்ஷ் சிங் தலைமையில் நான்காம் மலைப்படைப் பிரிவும், பிரிகேடியர் தியோகராஜ் தலைமையில் இரண்டாம் தனிக் கவசப் படையும் நின்றன. நம்மிடம் இருந்தவை இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஷெர்மன்களும், எடை குறைந்த பிரெஞ்சு டாங்கிகளும், ஒரு படைப்பகுதிக்கு மட்டும் செஞ்சூரியன்களும்.

நேர் நின்று மோதினால் பயன் இல்லை என்று கண்டு, நம் படையினர் பின்வாங்கிக் குதிரை லாட வடிவில் அணிவகுத்தனர். கரும்பு ஆளுயரத்திற்கு மேல் வளர்ந்திருந்த காலம் அது. லெப்டினென்ட் கர்னல் சலீம் காலெபின் செஞ்சூரியன்கள் கரும்புக்குள் மறைந்தன. வாய்க்கால்களை உடைத்து வயல்களில் நீர் பாய்ச்சப்பட்டது. லாடத்தின் வாயினுள் நுழைந்த பேட்டன்கள் சேற்றில் தடுமாறித் தம் பக்கவாட்டைக் காட்டியபோது மூன்று புறமும் அடி விழுந்தது. ஜீப்பில் ஏற்றிய 106 மில்லிமீட்டர் பீரங்கியோடு நான்காம் கிரெனேடியர் படையின் ஹவில்தார் அப்துல் ஹமீத், கரும்பு மறைவில் இடம் மாறி மாறி, டாங்கிகளை ஒன்றன்பின் ஒன்றாக வீழ்த்தி, செப்டம்பர் 10ஆம் நாள் தாமும் வீழ்ந்தார். அவருக்குப் பரம வீர சக்கரம் வழங்கப்பட்டது. இப்போரில் பாகிஸ்தான் இழந்த டாங்கிகள் 97 என்பது இந்தியத் தரப்புக் கணக்கு. அவற்றைப் பிக்கிவிண்ட் என்னுமிடத்தில் வரிசையாக இழுத்து நிறுத்தியபோது, அவ்விடத்தை மக்கள் 'பேட்டன் நகர்' என்றே அழைத்தனர்.

அரசு அலுவலகங்களில் மொழிபெயர்ப்புத் தொழில் செய்யும் எம்போன்றோர்க்கு இவ்வூர்ப் பெயர் தனிச் சுவை தருவது. 'அசல் உத்தர்' என்பதை இந்தியில் பொருள் கொண்டால் 'உண்மையான விடை' என்று வரும். அசல் என்பது தமிழிலும் வழங்கும் சொல்லே, நகலுக்கு எதிர்ச்சொல். பத்திரத்தின் அசலைக் காட்டாமல் நகலை மட்டும் கொடுத்தால் எழுத்தர் ஏற்பதில்லை. சிற்றுருவும் ஒரு நகல். அசலுக்கு அது எவ்வளவு கடமைப்பட்டது என்பதை இப்பேட்டன்களைக் கொண்டே விளக்கலாம்.

சிதைந்த வண்டியைச் செய்யப் புகுவோன் முதலில் கேட்க வேண்டிய வினா, 'எவ்வாறு உடைப்பது?' என்பதன்று, 'இவ்வண்டி எவ்வாறு வீழ்ந்தது?' என்பதே. அசல் உத்தரில் வீழ்ந்தவை அனைத்தும் ஒரே வகையின அல்ல. குண்டு துளைத்துத் தீப்பற்றி எரிந்தவை ஒரு வகை. தாம் சுமந்த வெடிகுண்டுகளே வெடித்ததால், மேற்கூண்டு கழன்று வீசப்பட்டவை மற்றொரு வகை. சேற்றில் சிக்கி நகர மாட்டாமல், உள்ளிருந்தோர் கதவுகளைத் திறந்துவிட்டு இறங்கிப்போனவை மூன்றாம் வகை. மூன்றாம் வகை வண்டியில் ஒரு கீறலும் இல்லாதிருக்கலாம். பூச்சு அப்படியே இருக்கும். சேறு மட்டும் சக்கரம் மூட ஏறியிருக்கும். அதனைத் துளையிட்டுக் கரியாக்கிக் காட்டினால், நீரும் சேறும் செய்த வேலையைக் குண்டின் கணக்கில் எழுதியதாகும். வாய்க்காலை உடைத்தவரின் அறிவு அங்கே மறைக்கப்பட்டுவிடும்.

எரிந்த வண்டிக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அந்நாளைய பேட்டன்களின் எஞ்சின் பெட்ரோலால் இயங்கியது. ஆதலின் தீ விரைந்து பரவும். பூச்சு கருகி உதிர்ந்து வெற்று எஃகு வெளிப்படும். வெப்பம் மிக்க இடங்களில், திருநீறு பூசினாற்போல வெண்சாம்பல் படியும். சில நாட்களில் அவ்வெற்று எஃகின் மீது செம்மஞ்சள் நிறத் துரு பொடியாகப் பூக்கும். திங்கள்கள் கடந்தால் அது கருஞ்சிவப்பாக இறுகும். எனவே துருவின் நிறமே நாட்காட்டி. போர் நிகழ்ந்த மறுநாளைக் காட்டும் காட்சியில் ஓராண்டுத் துருவைப் பூசுவது, நேற்றுப் பிறந்த குழந்தைக்கு மீசை வரைவதை ஒக்கும். தீ எட்டாத முன்புறத்தில் பழைய வண்ணம் அப்படியே நிற்கக்கூடும். அவ்வெல்லைக் கோடு எங்கு விழுந்தது என்பதைக் கொண்டே தீ எங்குத் தொடங்கியது என்று கூறலாம்.

எரிந்த வண்டி தாழ்ந்தும் நிற்கும். சக்கரங்களைச் சுற்றிய ரப்பர் எரிந்து போவதால் வண்டியின் உயரம் குறைகிறது. எடையைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள் வெப்பத்தால் வலுவிழக்கும்போது வண்டி மேலும் அமர்ந்துவிடுகிறது. பேட்டனின் சங்கிலிப் பட்டையிலும் ரப்பர் உண்டு. அது எரிந்தபின் எலும்புக்கூடு போல இரும்பு மட்டும் எஞ்சும். எஞ்சினின் அலுமினிய உறுப்புகள் 660 பாகை வெப்பத்தில் உருகி ஓடித் தரையில் உறைகின்றன. இவற்றை அறியாதவன் கருமை பூசிய புதுவண்டியைச் செய்வான். அறிந்தவன் சக்கரத்தின் ரப்பரைச் சீவி எடுத்து, வண்டியைத் தாழ்த்தி வைப்பான்.

இனி, தகட்டின் பருமன். 35இல் ஒரு பங்கு அளவில், 1 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் 35 மில்லிமீட்டர் எஃகைக் குறிக்கும். வண்டியின் உடற்கவசத்திற்கு அது பொருந்தலாம். ஆனால் சக்கரத்தின் மேல் உள்ள மறைப்புத் தகடு சில மில்லிமீட்டரே பருமன் உடையது. சிற்றுருவில் அது தாளினும் மெலிதாதல் வேண்டும். பெட்டியில் வரும் பிளாஸ்டிக்கை அப்படியே வளைத்தால், கோட்டைச் சுவர் வளைந்தாற்போலப் பொய்யாகத் தோன்றும். ஆகவே கைதேர்ந்தோர் அப்பகுதியை நீக்கிவிட்டு, மெல்லிய செப்புத் தகட்டாலோ, பற்பசைக் குழாயின் உலோகத்தாலோ புதிதாகச் செய்து நசுக்குகின்றனர். கவசமோ அவ்வாறு நசுங்குவதில்லை. அது துளைபடும், பற்றவைத்த இணைப்பில் பிளவுபடும், துணிபோல் கிழிவதில்லை. கெட்டிக்குண்டு துளைத்த இடத்தில் வட்டத் துளையும், உதடுபோல் எழுந்த விளிம்பும் இருக்கும். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் அவ்விளிம்பை எழுப்பலாம். அப்துல் ஹமீதின் பீரங்கி எய்த வகைக் குண்டோ, வெடியின் ஆற்றலை ஒரு முனையில் குவித்துத் துளைப்பது. அதன் துளை வண்டியின் பருமனை நோக்க மிகச் சிறியது. சிற்றுருவில் அது குண்டூசி முனை அளவே வரும். பெருந்துளை இட்டால் பார்ப்போர் வியப்பர். ஆனால் 45 டன் எடையுள்ள வண்டியை அவ்வளவு சிறிய துளை நிறுத்திவிட்டது என்பதன்றோ உண்மையான வியப்பு!

உரிந்த பூச்சைக் காட்டுவதற்கு எளிய முறை ஒன்று உண்டு. முதலில் துருவின் நிறத்தைப் பூசி, அது உலர்ந்தபின் நீர் தெளித்து உப்புத் தூளை ஆங்காங்கே ஒட்டவைத்து, மேலே வண்டியின் நிறத்தைத் தெளிக்கின்றனர். பின்னர் உப்பைத் துடைத்து நீக்கினால், பூச்சு உதிர்ந்து துரு தெரிவது போன்ற தோற்றம் கிட்டும். நிலத்திற்கு அவ்வவ்விடத்து மண்ணின் நிறம் வேண்டும்; கேம்கரண் வயலுக்கு வண்டல் சேறும், தாளில் வெட்டிய கரும்புத் தோகையும் வேண்டும். எரிந்த வண்டிக்கு அருகில் கரும்பும் கருகியிருத்தல் வேண்டும்.

இடம் மாறினால் அனைத்தும் மாறும் என்பதற்கு இராஜஸ்தானத்து லோங்கேவாலா சான்று. 1971 டிசம்பர் 4ஆம் நாள் இரவு, மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் தலைமையில் ஏறத்தாழ 120 வீரர் காத்த அக்காவல்நிலையத்தை நோக்கி ஒரு டாங்கிப் படை வந்தது. அவ்வீரர் இரவெல்லாம் அதனைத் தடுத்து நின்றனர். விடிந்ததும் ஜெய்சல்மீரிலிருந்து எழுந்த ஹண்டர் விமானங்கள் அவ்வண்டிகளை மேலிருந்து தாக்கின. வானிலிருந்து எடுத்த புகைப்படங்களில், தப்ப வழியின்றிச் சுழன்ற டாங்கிகளின் தடங்கள், கோலத்தின் சிக்கல் போல மணலில் பதிந்திருப்பதைக் காணலாம். இக்காட்சியைச் செய்வோன் துளையைப் பக்கத்தில் இடாமல், மேற்புறத்திலும் எஞ்சின் மூடியிலும் இடவேண்டும். சேற்றுக்கு மாறாக மணலும், அம்மணலில் தடமும் வேண்டும். அடி எங்கிருந்து விழுந்தது என்பதைத் துளையின் இடமே சொல்லிவிடும். கரும்புக்குள் பதுங்கியவனின் பொறுமையும், வானில் பறந்தவனின் குறியும் ஒரே துளையால் சொல்லத்தக்கவை அல்ல. தில்லியில் 2019 பிப்ரவரி 25ஆம் நாள் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தின் வீரதா சக்கரத்தில் உள்ள ஆறு வெண்கலப் புடைப்புச் சிற்பங்களுள் ஒன்று லோங்கேவாலாவைக் காட்டுவது. காணச் செல்வோர், சிற்பி போரின் எக்கணத்தைத் தேர்ந்தார் என்று நோக்குவார்களாயின், இக்கலையின் உட்பொருள் விளங்கும்.

இதுகாறும் கூறியவை பகைவர் வண்டிகளைப் பற்றியன. நகல் நேர்மையானது எனில் நம் வண்டிகளுக்கும் அதில் இடம் உண்டு. 1965 செப்டம்பரில் சியால்கோட் களத்தில், பூனா ஹார்ஸ் படையின் லெப்டினென்ட் கர்னல் அர்தேஷிர் தாராபூர் காயமுற்றும் களம் நீங்காமல் பொருது, 16ஆம் நாள் உயிர் துறந்தார். அதே படையைச் சேர்ந்த இரண்டாம் லெப்டினென்ட் அருண் கேத்ரபால், 1971 டிசம்பர் 16ஆம் நாள், தம் 21ஆம் வயதில், பசந்தர் ஆற்றுக் களத்தில் தீப்பற்றிய டாங்கியை விட்டு இறங்க மறுத்துப் பொருது மாண்டார். இருவரும் பரம வீர சக்கரம் பெற்றோர். 'ஃபமகுஸ்தா' என்னும் பெயருடைய கேத்ரபாலின் செஞ்சூரியன், பகைவர் கைப்பட்டுப் பின்னர் மீண்டு வந்து, அகமத்நகர் என வழங்கிய ஊரில் உள்ள கவசப் படைப் பயிற்சி நிலையத்தில் காக்கப்படுகிறது. நாகாலாந்தின் கொகிமாவில், 1944இல் சப்பானியரை எதிர்த்த போரில் மலைச்சரிவில் சறுக்கி வீழ்ந்த டாங்கி ஒன்று நினைவுச்சின்னமாக நிற்கிறது. வெற்றி பெற்ற படையின் வண்டிகளும் வீழ்கின்றன. வீழ்ந்த வண்டியைப் பகைவனுக்கு மட்டுமே உரியதாக்கும் சிற்றுரு, பாதி வரலாற்றையே கூறுகிறது.

காட்சிக்கு நிறுத்திய மெய்யான வண்டிகளே இருக்கும்போது சிற்றுரு எதற்கு என்று சிலர் வினவலாம். வெட்டவெளியில் நிற்கும் இரும்பைத் துரு தின்னாதிருக்க மீண்டும் மீண்டும் வண்ணம் பூச வேண்டியுள்ளது. ஒவ்வொரு பூச்சிலும் சாம்பலும் கருக்கும் மறைகின்றன. துளைகளின் விளிம்புகள் மழுங்குகின்றன. அது பராமரிப்போர் குற்றமன்று, காலத்தின் இயல்பு. அதனால் அசலே தன் கதையை மறந்து நிற்கும் நிலை உண்டாகிறது. போர்க்காலப் புகைப்படங்களையும், படைப்பிரிவுகளின் வரலாறுகளையும், வீரர் கூறிய செய்திகளையும் ஒப்பிட்டுச் செய்த நல்ல சிற்றுரு, அசல் மறந்ததை நினைவூட்டுகிறது. மூலநூல் சிதைந்தபோது, கவனமாகப் படியெடுத்த பிரதி பாடத்தைக் காப்பதுபோல் இதனைக் கொள்ளலாம். நம் ஏட்டுச்சுவடிகள் பிழைத்ததும் படியெடுத்தோர் கடமையால்தான் அன்றோ?

இக்கலைக்கு ஓர் எல்லையும் உண்டு. பேட்டனின் 48ஆம் எண் வகையில் நால்வர் இருந்தனர்: தலைவர், குறிபார்ப்போர், குண்டு நிரப்புவோர், ஓட்டுநர். 35இல் ஒரு பங்கு அளவில் ஒவ்வொருவரும் 5 சென்டிமீட்டர் உயரமே வருவர். சிதைந்த வண்டியின் துளையை அழகுற அமைக்கும் மகிழ்ச்சியில் இந்நால்வரை மறந்தால், கலை கொடுமைக்குத் துணை போகும். அவர்தம் உடல்களைக் காட்டித் திடுக்கிடச் செய்வதும் தகாது. திறந்து கிடக்கும் கதவுகள், தரையில் ஒரு தலைக்கவசம், கவிழ்ந்த நீர்க்குடுவை: இவை போதும். எத்தனை கதவு திறந்திருக்கிறது என்பதை எண்ணுவோர், எத்தனை பேர் வெளிவந்தனர் என்பதைத் தாமே உணர்வர். தேசியப் போர் நினைவிடத்தின் தியாக சக்கரத்தில் 25,000க்கும் மேற்பட்ட வீரர் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் தமிழ்ப் பெயர்களும் உள. எல்லைக்கு அப்பாலும் அத்தகைய பெயர்கள் உண்டு. அவற்றை அழைத்த தாய்மாரும் உண்டு.

தமிழகத்திற்கும் இவ்வண்டிகளுக்கும் உள்ள உறவு பெரிது. சென்னையை அடுத்த ஆவடித் தொழிற்சாலையில் 1965ஆம் ஆண்டிலேயே விஜயந்தா டாங்கி உருவாகி வெளிவந்தது. பின்னர் அர்ஜுன் டாங்கியும் அங்கேயே பிறந்தது. கர்த்தவ்ய பாதையில் உருண்டு செல்பவற்றைக் கண்டு, 'இது எங்கள் ஊரில் செய்தது' என்று தில்லித் தமிழ்ச் சிறுவன் மார்தட்டுவது இயல்பே. அவன் பிறந்தநாளுக்கு நாம் ஒரு டாங்கிப் பெட்டி வாங்கித் தரக்கூடும். அவன் அதனை ஒட்டி முடித்து மேசைமேல் நிறுத்தும்போது, இது எந்தக் களத்துக்குச் சென்றது, மீண்டதா, மீளவில்லையெனில் ஏன் என்று கேட்கப் பழக்குவோம். விடையைத் தேடி அவன் அசல் உத்தருக்கும் லோங்கேவாலாவுக்கும் பசந்தருக்கும் நூல் வழியே செல்வான். உடைத்துச் செய்ய விரும்பினால் செய்யட்டும். ஆனால் அதன் அடியில் ஒரு சிறு தாள் ஒட்டி, இடம், நாள், அடிபட்ட முறை ஆகியவற்றைத் தன் கையால் தமிழில் எழுதி வைக்கட்டும்.

கொலுப்படியில் உடைந்த பொம்மைக்கு இடம் இல்லை, அவ்வழக்கம் நிலைக்கட்டும். வரலாற்றின் படியில் உடைந்தவற்றிற்கும் உரிய இடம் உண்டு. புதுவண்டியின் நகல் நம் வலிமையைச் சொல்லும். சிதைந்த வண்டியின் உண்மையான நகல் அவ்வலிமைக்குக் கொடுத்த விலையைச் சொல்லும். இரண்டையும் அறிந்த குடிமக்களே போரைப் பற்றி நிதானமாகப் பேச வல்லவர் என்பதைக் கருத்திற் கொள்வோமாக.